இரண்டாவது விருப்பு வாக்கு

என் தங்கையின் மகள் அயர்லாந்தில் ஒரு மாவட்ட சபைக்கு உறுப்பினராகிவிட்டாள் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்தது. மத்தியானத்துக்குள், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், அவள் எம்.பி. ஆகியிருந்தாள். பின்னேரம் அங்குள்ள ரூ காய் தெருவில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்கடை மருமகள் அங்கை மந்திரியாமே?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. சிரித்தேன். அவருக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தேர்தலில் வென்று போனவள் அல்ல. அவளுடைய ஊரின் பழைய உறுப்பினர் நோய்ப்பட்டு விலகினார். அப்படி ஒருவர் விலகினால் மிச்சக் காலத்துக்கு அவருடைய கட்சியே இன்னொருவரை அமர்த்தலாம் என்பது அங்குள்ள முறை. மூன்று வருடமாக அவருக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்து, அவருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவள் என் மருமகள். அவளையே அமர்த்திவிட்டார்கள். இதையெல்லாம் தங்கை தொலைபேசியில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். கடைசியில், "அண்ணை, பேப்பரிலை படம் போட்டிருக்கினம். பெயரைத்தான் பிழையா எழுதிப் போட்டினம். ஆனா படம் வடிவா வந்திருக்கு," என்றாள்.

நான் ரூ காயில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் தொழில் செய்கிறவன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின். சனங்களுக்குப் படிவம் நிரப்புவேன், பிரெஞ்சில் கடிதம் எழுதுவேன், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பேன். எல்லாவற்றையும்விட, புதிதாக வந்து அகதி விண்ணப்பம் போடுகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதிக்கொடுப்பேன். கேஸ் எழுதுற அண்ணை என்றால் இந்தத் தெருவில் நான்தான். ஒருவருடைய வாழ்க்கையில் எதை முதலில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்பது இத்தனை வருடத்தில் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

கடை முதலாளி அந்தப் பத்திரிகைப் படத்தை என்னிடம் வாங்கிப் பெரிதாக்கி, கல்லாவுக்கு மேலே சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். வாழைப்பழம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "எங்கடை பிள்ளை," என்றார். அவர் அவளை ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். அந்த ஒருமுறையில் அவள் அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். அது அவருக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கவில்லை.

தங்கையும் மச்சானும் அயர்லாந்துக்கு என்று புறப்பட்டவர்கள் அல்ல. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் டப்ளினில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அகதிக்கு விண்ணப்பித்தவர்களை அங்கே மூடிக்கிடந்த ஹோட்டல்களில் அறை அறையாக வைத்திருந்தார்கள். என் மருமகள் பிறந்ததிலிருந்து நாலரை வயது வரை வளர்ந்தது அப்படி ஒரு கடற்கரை ஹோட்டலின் இரண்டாம் மாடி அறையில்.

எனக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்ததும் முதல் பயணமாக அங்கேதான் போனேன். வரவேற்பறையில் பெரிய கண்ணாடி மீன்தொட்டி ஒன்று தண்ணீர் இல்லாமல் இருந்தது. அதற்குள் குழந்தைகளின் சப்பாத்துகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அறைகளில் சமைக்கக்கூடாது. மூன்று நேரமும் கீழே சாப்பாட்டறைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். தங்கை அலுமாரிக்குள் ஒரு ரைஸ் குக்கரை ஒளித்து வைத்திருந்தாள். எனக்குச் சோறு தர வேண்டும் என்று அதைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டினாள். ஆவியைப் பார்த்து யாராவது கேட்டால் குளிக்கிறேன் என்று சொல்வதற்காக ஷவரைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மச்சான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். மருமகள் வெளியே நடைவழியில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, அந்தந்த அறைக்காரரின் பாஷையில் வணக்கம் சொன்னாள்.

வெளிக்கிடும்போது தங்கை சொன்னாள்: "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. ஹோட்டலிலை இருக்கிறம் எண்டுதான் அம்மாவுக்குச் சொன்னனான். அவ பெரிய வசதி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

பிறகு அவர்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. கடற்கரையை விட்டு உள்ளே, ஒரு தேவாலயமும் ஒரு ஆறும் உள்ள சின்ன ஊரில் குடியேறினார்கள். மச்சானுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. தங்கைக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வேலைக்காக நாட்டுக்கு வந்த குடும்பம் என்று ஊர் நினைத்தது. இவர்களும் திருத்தவில்லை.

மருமகள் பதினேழு வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு எங்களிடம் வந்தாள். நாங்கள் பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருக்கிறோம். காலையில் என்னோடு ரயிலேறி வந்து, பின்னறையில் எனக்கு உதவியாகக் கொப்பி எடுத்துத் தருவாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அவளுக்கு நன்றாக வந்தது.

அந்த வருடங்களில் லா சப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழே கூடாரங்கள் நிறைந்திருந்தன. ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த இளைஞர்கள். கடைக்காரர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. கடைக்கதவில் சிறுநீர் கழிக்கிறார்கள், குடும்பமாக வருகிற சனம் பயப்படுகிறது என்றார்கள். என் கடை முதலாளிதான் முன்னின்று, நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். தெருவோரத்தில் இப்படிப் படுத்துக்கிடப்பது அந்த மனிதர்களின் கௌரவத்துக்கு ஏற்றதல்ல, அவர்களின் நன்மையைக் கருதியே அவர்களை இங்கிருந்து அகற்றும்படி கேட்கிறோம் என்று எழுதினேன். கையெழுத்திட்டவர்களில் முதல் ஆள் நான்.

மருமகள் கொப்பி எடுக்கும்போது அதை வாசித்துவிட்டாள். தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, இது நீங்களோ எழுதினது?"

"ஓம். கடைக்காரர் கேட்டவை."

"அவையின்ரை நன்மைக்கு எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"அப்பிடித்தான் எழுத வேணும் பிள்ளை. இல்லாட்டி நகரசபையிலை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"நீங்களும் இப்பிடி வந்த ஆள்தானே?"

"நான் கூடாரத்திலை படுக்கேல்லை."

"அப்ப எங்கை படுத்தனீங்கள்?"

நான் அடுத்த படிவத்தைக் கையில் எடுத்தேன். பாரிசுக்கு வந்த முதல் மாதம் நான் படுத்தது, இந்த அறையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள கார் து நோர் ரயில் நிலையத்தில். அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் முகத்திலிருந்து கண்டுபிடித்திருக்கலாம். முன்கடைக்குப் போய் முதலாளியிடம், அந்தப் பொடியளில் யாராவது அவருக்கு என்ன செய்தார்கள் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கத்தினாள். அவர் பயந்துபோய் அவளுக்கு ஒரு நெக்டோ சோடாப் போத்தல் எடுத்துக் கொடுத்தார். அவள் தொடவில்லை.

விடுமுறையின் மிச்ச நாளெல்லாம் அவள் பாலத்தின் கீழே கழித்தாள். தேநீர் கொடுக்கும் ஆட்களோடு சேர்ந்து நின்றாள், அங்கிருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் வந்த தாள்களை வாசித்துச் சொன்னாள். பின்னேரம் ரயிலில் என்னோடு வருவாள், ஆனால் கதைக்கமாட்டாள். அவள் அயர்லாந்துக்குத் திரும்பிச் சில வாரத்தில், ஒரு காலை, பொலிஸ் வந்து எல்லாரையும் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனது. இடம் முழுக்கக் கம்பிவேலி போட்டார்கள். அன்றைக்கு அவள் என்னை அழைத்தாள்.

"உங்கடை கடிதம் வேலை செய்திருக்கு மாமா. சந்தோஷமோ?"

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் என்னோடு கதைக்கவில்லை. பின்னாளில் ஒரு வானொலிப் பேட்டியில், தன்னுடைய அரசியல் பாரிசில் ஒரு பாலத்தின் கீழே தொடங்கியது என்று சொன்னாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பல்கலைக்கழகம் போனதும் ஒரு கட்சியின் இளைஞர் பிரிவில் சேர்ந்தாள். அங்கிருந்து அந்தப் பழைய உறுப்பினருக்கு உதவியாளானாள், பிறகு அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள். உறுப்பினராகி ஆறு மாதம் போன பிறகு நான் அவர்களிடம் நாலு நாள் போயிருந்தேன். அவளுடைய வேலை என்னவென்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். ஒரு பழைய சிவப்புக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு சுற்றினாள். ஒரு கிழவர் தன் வீட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டுக் கிடங்குக்குள் தடியை விட்டு ஆழம் காட்டினார். ஒரு பெண் தெருவிளக்கு எரியவில்லை என்றாள். இன்னொருத்தியின் மகனுக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் இடமில்லை. அவள் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதோடு செத்தவீடுகள். அந்த ஊரில் அரசியல்வாதி ஒரு செத்தவீட்டைத் தவறவிடக்கூடாதாம். செத்தவர் யாரென்றே தெரியாத ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்து, "உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறேன்," என்று ஒரே தொனியில் சொன்னாள். எனக்கும் சொல்லித்தந்தாள். நானும் சொன்னேன். செத்தவரின் மனைவி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவளை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் காலையில் அவள் கைபேசியைப் பார்க்கும்போது முகம் மாறுவதையும் கண்டேன். யாரென்று தெரியாதவர்கள் உன் நாட்டுக்குப் போ என்று எழுதியிருந்தார்கள். அவள் பிறந்ததே அந்த நாட்டில். மச்சான் ஒரு நாள் அதை வாசித்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போகாமல் தோட்டத்தில் இருந்துவிட்டான்.

அந்த ஊரில் ஒரே ஒரு ஹோட்டல்தான் இருந்தது. ஊரின் கல்யாண விருந்தெல்லாம் நடந்த இடம். நோய்த்தொற்றுக் காலத்தில் மூடியது பிறகு திறக்கவில்லை. அடுத்த வருடம், அதில் அகதி விண்ணப்பக்காரரைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள் என்று கதை பரவியது. கதை உண்மையாக இருந்தது. ஊர்ச்சனம் அட்டைகள் எழுதிப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் கேற்றடியில் முறைவைத்து நின்றது. தேநீர்க் குடுவையும் மடக்குக் கதிரையும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக ஒரு ட்ரக்டர் திருத்துகிறவன் வந்தான். அடுத்த தேர்தலில் தான் நிற்கப்போவதாக அவன் அங்கேயே அறிவித்தான். விளையாட்டுக் கழக மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் வந்து தங்கள் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

தங்கை எனக்குச் சொன்னாள்: "அண்ணை, அவள் என்ன சொல்லப்போறாள் எண்டு தெரியேல்லை. ரெண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்லை. நீங்கள் ஒருக்காக் கதையுங்கோவன்."

"அவளுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை," என்றேன். அவள் எழுந்து நின்று, கேற்றடியில் நின்ற அத்தனை பேரையும் வெட்கப்பட வைப்பாள் என்று நான் நம்பினேன். பதினேழு வயதில் ஒரு பலசரக்குக் கடையில் செய்ததை அந்த மண்டபத்திலும் செய்வாள் என்று நினைத்தேன்.

கூட்டத்தின் வீடியோ மறுநாள் முற்பகல் வாட்சப்பில் வந்தது. என் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மன்னாரைச் சேர்ந்தவள், கழுத்தில் சின்னச் சிலுவை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதால் மேன்முறையீட்டுக்கு எழுதவேண்டி வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளோடு புறநகரில் ஒரு ஹோட்டல் அறையில் அரசாங்கம் அவளை வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு ஹோட்டலுக்கு மாற்றிவிடுவார்கள். "ஒரு நிமிஷம் பொறுங்கோ தங்கச்சி," என்று சொல்லிவிட்டு வீடியோவைப் போட்டேன்.

மருமகள் கையில் தாள் இல்லாமல் பேசினாள். நான் இப்படி ஒரு ஹோட்டலில் வளர்ந்தவள் என்று தொடங்கினாள். மண்டபம் அடங்கியது. நாலரை வருடம், மூன்று பேருக்கு ஒரு அறை. என் அம்மா குளியலறைக்குள் ஒளித்து வைத்துச் சோறு சமைத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். எனக்கு நடைவழியைத் தவிர விளையாட இடம் இருக்கவில்லை. எந்தக் குழந்தைக்கும் அந்த வாழ்க்கையை நான் விரும்பமாட்டேன். ஆகவே இந்த ஹோட்டலை அதற்காகத் திறக்கக்கூடாது என்று சொல்கிறேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளின் நன்மைக்காகச் சொல்கிறேன்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ட்ரக்டர் திருத்துகிறவன் முன்னால் வந்து அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். படம் அந்த இடத்தில் நின்றது.

என் முன்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஆரண்ணை அந்தப் பிள்ளை? எங்கடை ஆள் மாதிரிக் கிடக்கு."

"என்ரை மருமகள். அயர்லாந்திலை இருக்கிறா."

"என்ன சொல்லுறா?"

"பிள்ளையளை ஹோட்டல் அறையிலை வைச்சு வளர்க்கக்கூடாதாம்."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. "ஆண்டவர் அந்தப் பிள்ளையை நல்லா வைச்சிருக்கட்டும். எங்களுக்காகக் கதைக்கவும் ஆக்கள் இருக்கினம்தானே," என்றாள்.

மிச்சத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுடைய மேன்முறையீட்டை எடுத்து முதல் பந்தியை எழுதத் தொடங்கினேன்.

இரண்டு நாள் பொறுத்து மருமகளை அழைத்தேன். அவள் காரில் இருந்தாள். ஒரு பக்கமாக நிறுத்திவிட்டுக் கதைத்தாள்.

"வீடியோ பார்த்தனான்," என்றேன்.

"தெரியும். அம்மா அனுப்பினவ."

"நீ என்ன சொல்லப்போறாய் எண்டு நான் வேறை மாதிரி நினைச்சனான்."

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை மாமா. ஒரு சொல்லும் பொய் இல்லை."

"அது எனக்குத் தெரியும். நான் அந்த அறையிலை சாப்பிட்டனான்."

"நான் திறக்கச் சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? ஹோட்டல் திறந்திருக்காது. நான்தான் இல்லாமல் போயிருப்பன். என்ரை இடத்துக்கு அந்த ட்ரக்டர்க்காரன் வந்திருப்பான். அது உங்களுக்குச் சந்தோஷமோ?"

"அங்கை வரவேண்டிய சனம் இப்ப எங்கை போகும்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ? அந்தப் பாலத்துக்குக் கீழை இருந்த ஆக்கள் எங்கை போச்சினம் எண்டு நீங்கள் ஒருநாளாவது தேடினீங்களே?"

தேடவில்லை. அவள் குரலை இறக்கிச் சொன்னாள்: "அந்தக் கடிதத்துக்காக நான் உங்களோடை எவ்வளவு கோவமா இருந்தன். இப்ப எனக்கு விளங்குது மாமா. கடைக்காரர் உங்களை விட்டுவைச்சிருக்க மாட்டினம். இப்ப எனக்குக் கோவம் இல்லை."

என்னை அவள் மன்னித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பின்னறையின் கதவைச் சாத்திவிட்டு, ஆட்களை உள்ளே எடுக்காமல் பின்னேரம் வரை சும்மா இருந்தேன்.

மறுவருடம் தேர்தல் வந்தது. அங்கே வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவதில்லை. எனக்கு முதல் விருப்பம் இவர், இரண்டாவது அவர் என்று ஒன்று, இரண்டு, மூன்று இலக்கம் இடுவார்கள். எண்ணும்போது கடைசியாக நிற்பவரை ஒவ்வொரு சுற்றிலும் நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை மற்றவர்களுக்குப் பிரித்துச் சேர்ப்பார்கள். எண்ணி முடிக்க இரண்டு நாள் ஆகும். தங்கை இரண்டு நாளும் எண்ணும் மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் இருந்தாளாம். மச்சான் ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்கு அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். முன்கடையில் முதலாளியும் வந்தவர்களும் கிரிக்கெட் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதல் விருப்பில் மருமகளுக்குக் கிடைத்தது போதவில்லை. சுற்றுக்குச் சுற்று விளிம்பிலேயே நின்றாள். ஒரு இடம் மட்டும் மிச்சமிருந்தபோது ட்ரக்டர் திருத்துகிறவன் நீக்கப்பட்டான். அவனுடைய சீட்டுகளைப் பிரித்தார்கள். அரை மணித்தியாலத்தில் மச்சான் மறுபடி அழைத்தான்.

"வெண்டிட்டாள்."

கடையில் சத்தம் கிளம்பியது. யாரோ லட்டுப் பெட்டியை உடைத்தார்கள். மச்சான் தொலைபேசியை வைக்கவில்லை.

"அவன்ரை ஆக்கள்தான் மச்சான். கேற்றடியிலை நிண்ட சனம். ரெண்டாவதா இவளுக்குப் போட்டிருக்குதுகள்."

"நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதான்," என்றான் மச்சான். அவனுக்குப் பின்னால் தங்கை சிரிப்பதும் அழுவதும் கேட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் லா சப்பல் கடைக்காரர்கள் பக்கத்துப் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபம் எடுத்து அவளுக்கு வரவேற்பு வைத்தார்கள். வாழ்த்துமடல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டி வரும். எழுதினேன். இளம் வயதிலேயே ஐரோப்பிய மண்ணில் எம்மினத்தின் குரலானவள் என்று எழுதினேன். துன்பப்பட்டோரின் துயர் அறிந்தவள் என்று எழுதினேன். ஹோட்டல் என்ற சொல் அதில் இல்லை. தங்க நிற விளிம்பு வைத்து அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். முதலாளி அதை மேடையில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மருமகள் நீலச் சேலையில், கழுத்தில் மாலையோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

தங்கையும் வந்திருந்தாள். மண்டபத்தின் சமையலறையில் வடைத் தட்டுகளை மூடிக்கொண்டு நின்றவளிடம் போனேன்.

"என்னடி, முன்னுக்கு வந்து இருக்கேல்லையோ?"

"இஞ்சை நிக்கிறன் அண்ணை." தட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் அழுததை அவள் காணேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். கதவைப் பூட்டிப்போட்டுத்தானே அழுதனான். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"பிள்ளையளுக்கு எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும். ஊருக்குச் சொல்லிப்போட்டாள். இப்ப என்னோடை வேலை செய்யிறவளவை என்னைக் கட்டிப்பிடிக்கினம் அண்ணை. 'பாவம் நீ' எண்டு சொல்லுகினம். நான் பார்க்கிற கிழவியள் கூடக் கேட்குதுகள், சோத்தை எப்பிடி ஒளிச்சனீ எண்டு. இருவது வருஷமா மறைச்சு வைச்சிருந்தது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடையைக் கணக்காக அடுக்கத் தொடங்கினாள்.

வெளியே மருமகளோடு படமெடுக்க வரிசை நின்றது. அதில் அந்த மன்னார்ப் பெண்ணும் நின்றாள். முதலாளி கடையில் எல்லாருக்கும் சொன்ன அழைப்பு அவளுக்கும் போயிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் தலை இழுத்து வாரி, ஒரே துணியில் தைத்த சட்டை போட்டுக் கூட்டிவந்திருந்தாள். அவளுடைய மேன்முறையீடு அதற்கு முதல் மாதம் தோற்றிருந்தது. முறை வந்ததும் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் கதைச்சதைப் பார்த்தனான் பிள்ளை. அண்ணைதான் விளங்கப்படுத்தினவர். நாங்களும் ஹோட்டலிலைதான் இருக்கிறம். எங்களுக்காகக் கதைச்சதுக்குப் பெரிய உபகாரம்."

மருமகள் சிரித்தபடியே நின்றாள். செத்தவீட்டு வரிசையில் நான் பார்த்த அதே கைகொடுப்பு. பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திப் படத்துக்கு நின்றாள். அவர்கள் நகர்ந்ததும், அடுத்தவர் வருவதற்கிடையில், என் பக்கம் திரும்பினாள்.

"அவவுக்கு என்ன சொன்னீங்கள்?"

"நீ சொன்னதிலை பாதி."

அவளுடைய முகத்தில் ஒன்று வந்து போனது. அது கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த ஆள் வந்துவிட்டார். அவள் மாலையைச் சரிசெய்துகொண்டு அவருக்குக் கைகொடுத்தாள்.

சில கிழமைகளில் அயர்லாந்துப் பாராளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தன்னை நிறுத்துவார்கள் என்று மருமகள் நம்பியிருந்தாள். கட்சிக்காரர் வாய்விட்டே சொல்லியிருந்தார்களாம். நியமனக் கூட்டத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை. முன்னாள் எம்.பி. ஒருவரின் மகனுக்குக் கொடுத்தார்கள். உனக்கு வயது இருக்கிறது என்றார்கள். மாவட்ட சபைக்கு நீ சரி, பாராளுமன்றத்துக்குச் சனம் இன்னும் தயாரில்லை என்று ஒரு பெரியவர் தோளில் தட்டிச் சொன்னாராம். அவள் அந்த மகனுக்காக வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தாள்.

இந்தச் செய்தியைத் தங்கைதான் எனக்குச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு இளக்கம் உண்டாயிற்று. என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சனம் அவளை எவ்வளவு தூரம் விடும் என்பதை அவள் கண்டுகொண்டாள் என்ற சந்தோஷம். என் கையால் தூக்கின பிள்ளை.

"கவலைப்படாதை," என்றேன். "அவளுக்கு இன்னும் காலம் இருக்கு."

"அண்ணை, உங்கடை குரல் சந்தோஷமாக் கிடக்கு," என்றாள்.

இல்லை என்று சொன்னேன். இரைச்சலான இடத்தில் நிற்கிறேன், அதனால் உரக்கக் கதைக்கிறேன் என்றேன். அவள் சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். அதற்குப் பிறகு அவளாக எனக்கு அழைப்பதில்லை. நான் அழைத்தால் மச்சான் எடுக்கிறான். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறான்.